கரும்புக் குத்தகைக்குப் போகும் நிலமும் வீட்டுக்கு வேண்டிய கிழங்கும்: புசோகாவிலிருந்து ஒரு கேள்வி

கமுலி ஆசிரியை

இந்த இழையைத் தொடங்குவதற்கு ஒரு குடும்பம் காரணம். கிழக்கு உகாண்டாவில், கமுலி நகருக்கு வெளியே உள்ள ஒரு சிற்றூரில் என் கணவரும் நானும் ஒன்பது ஆண்டுகளாக வசித்து வருகிறோம். இப்பகுதிக்குப் புசோகா என்று பெயர். மேற்கே நைல் ஆறும், தெற்கே விக்டோரியா ஏரியும், வடக்கே கியோகா ஏரியும், கிழக்கே ம்பொலொகோமா ஆறும் எல்லைகளாக அமைந்த நாடு இது. இங்குள்ள மக்கள் பசோகா, அவர்கள் பேசும் மொழி லுசோகா. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர்.

என் பக்கத்து வீட்டுப் பெண் இரட்டையரைப் பெற்றவர். ஆகவே ஊர் அவரை நபிர்யே என்றும், அவர் கணவரை இசபிர்யே என்றும் அழைக்கிறது. இரட்டையரைப் பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் இங்கே வழங்கும் மரியாதைப் பெயர்கள் அவை. பிள்ளைகள் ஏழு பேர், நிலம் நான்கு ஏக்கர். சென்ற வாரம் ஒரு கரும்புத் தரகர் வந்து, மூன்றரை ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுத்தால் மொத்தப் பணத்தையும் உடனே கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூத்த மகன் மேல்நிலைப் பள்ளியில் சேரும் ஆண்டு இது என்பதால் இசபிர்யே ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார். நபிர்யே என்னிடம் வந்து, "ஆசிரியரே, மீதி அரை ஏக்கரில் வீடும் கல்லறைகளும் இருக்கின்றன, நான் எங்கே கிழங்கு நடுவது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கரும்பு கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பிற்பகலில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகளில் பலர், வீட்டைச் சுற்றி வாசற்படி வரை கரும்பு நிற்கும் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். அந்த வேளையில் அவர்களுக்கு வருவது தூக்கம் அன்று, பசி. இந்த நாட்டையோ, கரும்பையோ, சட்டத்தையோ அறிந்தவர்கள் இங்கே இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு என்ன சொல்லலாம் என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கரும்பு அலுவலர், ஓய்வு

அம்மா, நான் தமிழ்நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளும் பிறகு உகாண்டாவில் ஏழு ஆண்டுகளும் சர்க்கரை ஆலைகளில் கரும்புப் பிரிவில் வேலை பார்த்தவன். கரும்பைப் பழித்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது காலம். புசோகாவில் கரணை, அதாவது விதைக் கரும்புத் துண்டு, நட்ட பயிர் வெட்டுக்கு வர ஏறத்தாழ 18 மாதம் ஆகும். அதன் பிறகு வெட்டிய கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்த்து வளரும் மறுதாம்பு ஒன்று, மண் இடம் கொடுத்தால் இன்னொன்று. மறுதாம்பு சற்று விரைவில் முற்றும் என்றாலும், மூன்று வெட்டு எடுக்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். தரகர் "ஒரு குத்தகை" என்று சொல்லும்போது இசபிர்யே ஓராண்டையோ இரண்டாண்டையோ மனத்தில் வைத்திருக்கக்கூடும். தரகர் நினைப்பது மூன்று வெட்டு. ஒப்பந்தத்தில் எத்தனை வெட்டு என்பதும், எந்த மாதம் நிலம் திரும்பி வரும் என்பதும் எழுதப்படாவிட்டால், இன்று ஏழு வயதில் இருக்கும் பிள்ளை பன்னிரண்டு வயதாகும்போதுதான் அந்த நிலத்தை மீண்டும் பார்ப்பான்.

இரண்டாவது பணம். குத்தகைப் பணம் மொத்தமாக வருவது உண்மைதான், ஆனால் ஒரே ஒரு முறைதான் வரும். நிலத்துக்காரரே கரும்பு போட்டால் வருமானம் கூடுதலாக வரலாம். அதற்கு 18 மாதம் காத்திருக்க வேண்டும், களை எடுக்க ஆள் வேண்டும், உரம் வேண்டும், ஆலையின் வெட்டு உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு தாமதமானால் கரும்பு முற்றி எடை இழக்கும். வெட்டிப் போட்ட கரும்பு லாரி வராமல் வெயிலில் கிடந்தால் ஓரிரு நாளிலேயே எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். இந்தத் தாமதங்களால் நொந்துபோய், நின்ற பயிரைத் தரகர் சொன்ன விலைக்கே விட்டுவிட்ட சிறு விவசாயிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விலையும் நிலையாக நிற்பதில்லை. கரும்பு குறைந்த ஆண்டில் ஆலைகள் போட்டி போட்டுக்கொண்டு விலையை ஏற்றும். அதைப் பார்த்து எல்லோரும் நடுவார்கள். அவர்கள் நட்டது முற்றும் நேரத்தில் விலை விழுந்திருக்கும். 18 மாதப் பயிருக்கு இந்த ஏற்ற இறக்கம் கூடவே பிறந்தது.

என் கருத்தைக் கேட்டால், நான்கு ஏக்கர் உள்ள குடும்பம் இரண்டு ஏக்கருக்கு மேல் கரும்புக்குக் கொடுக்கக் கூடாது. அந்த இரண்டும் வீட்டுக்கு அருகிலுள்ள நல்ல மண்ணாக இல்லாமல் தொலைவிலுள்ள துண்டாக இருக்க வேண்டும்.

வரலாற்று மாணவன்

அலுவலர் ஐயா சொன்னதற்கு முன்கதை ஒன்று உண்டு. பணப்பயிருக்கு நிலத்தைக் கொடுக்கச் சொல்லி வெளியிலிருந்து யாரோ வந்து கேட்பது பசோகா மக்களுக்கு இது முதல் முறை அன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டின் ஏரிக்கரைப் பகுதிகளைத் தூக்க நோய் அழித்தது. சீசீ ஈயால் பரவும் அந்நோயில் 1900க்கும் 1920க்கும் இடையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறந்தனர். அதில் மிகக் கொடிய அடி விழுந்தது தெற்குப் புசோகாவில். ஆங்கில ஆட்சி 1906 முதல் கரையோர மக்களை உள்நாட்டுக்கு வெளியேற்றத் தொடங்கியது. செழிப்பான கரையோர மண் பல பத்தாண்டுகள் புதர்க்காடாகக் கிடந்தது. இன்று கரும்பு நெருங்கி நிற்கும் தென்பகுதி நிலங்கள் பலவற்றின் பழைய கதை இதுதான்.

அதே ஆண்டுகளில்தான் பருத்தி வந்தது. பருத்தியை ஏற்றிச் செல்வதற்காக விக்டோரியா ஏரிக்கரை நகரான ஜிஞ்ஜாவிலிருந்து வடக்கே நைல் கரையிலுள்ள நமசகாலி வரை ஓர் இருப்புப்பாதை போடப்பட்டு 1912இல் திறக்கப்பட்டது. பெண்கள் உணவுப் பயிர் செய்த நிலத்தில் ஆண்கள் வரி கட்டுவதற்காகப் பருத்தி விதைக்கத் தொடங்கிய காலம் அது. நபிர்யே கேட்ட கேள்வியை அவருடைய கொள்ளுப்பாட்டியும் கேட்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

1930இல் இந்திய வணிகர் முல்ஜிபாய் மாத்வானி ஜிஞ்ஜாவுக்கு அருகிலுள்ள ககிராவில் சர்க்கரை ஆலையை நிறுவினார். 1972இல் இடி அமின் ஆசியரை வெளியேற்றியபோது அவ்வாலை சீர்குலைந்தது. அக்குடும்பம் 1980களில் திரும்பி வந்து அதைச் சீரமைத்தது. இதற்கிடையே ரொபஸ்டா காப்பி பல குடும்பங்களுக்குக் கைச்செலவுக்கு உதவியது. காப்பிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வாழைக்கும் அவரைக்கும் நடுவே நின்று அது காய்க்கும், உணவுப் பயிரை வெளியே தள்ளாது. 1993 முதல் உகாண்டாவில் பரவிய காப்பி வாடல் நோய் அந்நாட்டின் ரொபஸ்டா மரங்களில் ஏறக்குறையப் பாதியை அழித்தது. காப்பி பட்ட தோட்டங்களுக்குள் கரும்பு வந்தது. புதிய ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கரும்பு தன் நிழலில் வேறு எதையும் வாழவிடாத பயிர். காப்பி போன இடத்தில் கரும்பு வந்ததால் பணம் வரும் வழி மாறியது, அடுப்பில் ஏறும் உணவும் மாறியது.

மயுகே வணிகர்

மேலே எழுதியவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் கரும்பு வந்ததால் பசி வந்தது என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது. நான் புசோகாவின் தென்பகுதியிலுள்ள மயுகேயில் பதினோரு ஆண்டுகள் கடை வைத்திருந்தேன். ஓலைக் கூரை இருந்த இடத்தில் தகரக் கூரையும், மண் சுவர் இருந்த இடத்தில் செங்கல் சுவரும் கரும்புப் பணத்தால் எழுந்ததைப் பார்த்தவன் நான். மக்காச்சோளம் விற்ற காசில் ஒருவர் கூட மோட்டார் சைக்கிள் வாங்கி நான் பார்த்ததில்லை. 1997இல் தொடக்கக் கல்வி இலவசம் என்று அரசு அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கப் போகும் தகப்பனுக்குக் கட்டணம், சீருடை, படுக்கை, பெட்டி என்று ஒரே மாதத்தில் பெருந்தொகை வேண்டும். கிழங்கு அந்தத் தொகையை ஒரே மாதத்தில் தராது. இசபிர்யே குடித்துவிட்டு நிலத்தைத் தாரை வார்க்கிறவர் அல்லர், மகனைப் படிக்க வைக்க நினைக்கிறவர். அவரைக் குற்றவாளியாக்கிப் பேசினால் அவர் நம் பேச்சைக் கேட்கவே மாட்டார்.

கமுலி ஆசிரியை

மயுகே வணிகர் ஐயா சொல்வது சரி. நான் எழுதியதில் அவரைக் குறை சொல்லும் தொனி இருந்திருந்தால் அது என் பிழை. அவர் நல்ல மனிதர், எங்கள் கிணற்றுக்குக் கயிறு மாற்றிக் கொடுத்தவர். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பள்ளியில் மதிய உணவுக்குப் பெற்றோரே பொறுப்பு. தானியமோ பணமோ கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கஞ்சி கிடைக்காது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் வெட்டுக் காலத்தில் கரும்பு ஏற்றும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கையில் காசு பார்த்தவன் திரும்பி வகுப்புக்கு வருவது அரிது. மூத்தவனைப் படிக்க வைக்கக் கரும்பு உதவும் அதே ஆண்டில் இளையவனைப் பள்ளியிலிருந்து கரும்பு இழுத்துக்கொள்வதையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பாலா எழுத்தர்

நான் கம்பாலாவில் ஒரு சட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். வழக்குரைஞர் அல்லேன். ஆயினும் நிலப் பத்திரங்களை நாள்தோறும் தட்டச்சு செய்கிறவன் என்பதால் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

உகாண்டாவின் நிலச் சட்டம் 1998இல் வந்தது. குடும்பம் வசிக்கும் நிலமும், குடும்பத்தின் பிழைப்பு எந்த நிலத்தைச் சார்ந்திருக்கிறதோ அந்த நிலமும் அச்சட்டத்தில் குடும்ப நிலம் எனப்படும். அதை விற்பதற்கு மட்டுமன்றி, அடகு வைப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் கணவன் மனைவி இருவரில் மற்றவரின் முன் இசைவு கட்டாயம். ஆகவே நபிர்யேயின் இசைவு இல்லாமல் மூன்றரை ஏக்கரைக் கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி நிற்காது. இதைத் தெரிந்த தரகர்கள் மனைவியின் கைரேகையையும் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தில் லுசோகா மட்டுமே அறிந்த பெண் கைரேகை வைக்கும் காட்சியை என் மேசைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அன்று எழுந்து நின்று வாசித்துக் காட்டியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

செய்ய வேண்டியவை இவை. ஒப்பந்தத்தை ஊர் அவைத் தலைவர் முன்னிலையில், அதாவது எல்லோரும் எல்சி ஒன்று என்று அழைக்கும் அந்த அலுவலர் முன்னிலையில், இரு பக்கத்துச் சாட்சிகளோடு எழுத வேண்டும். நிலத்தின் நான்கு எல்லைகளையும் அடி அளந்து குறிக்க வேண்டும். எத்தனை வெட்டு என்பதை எழுத வேண்டும். வீடு, கல்லறைகள், தண்ணீருக்குப் போகும் வழி, உணவுத் துண்டு ஆகியவை குத்தகையில் சேராதவை என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஒரு படி நபிர்யேயின் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் தள்ளிப் போடுவது. வழக்காற்றுத் திருமணத்தைச் சப்கவுண்டி என்னும் உள்ளூராட்சி வட்டத்தின் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். மனைவி என்பதை நிறுவ முடியாத பெண்ணுக்கு மேலே சொன்ன சட்டம் கைகொடுப்பது கடினம். 2022இல் திருத்தப்பட்ட வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் துணைவரின் பங்கை 15 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியிருக்கிறது. பிள்ளைகளின் பங்கு 75 விழுக்காடு. மரபுவழி வாரிசாக நிற்பவருக்கு ஒரு விழுக்காடுதான். கணவன் இறந்த மறுநாள் அவருடைய அண்ணன் தம்பிகள் வந்து நிலம் முழுவதும் குலத்தினுடையது என்று சொன்னால், இந்த எண்களை அறிந்த பெண்ணின் பேச்சுக்கு எடை இருக்கும்.

ஊட்டச்சத்து ஊழியர்

நபிர்யே அம்மாவின் கேள்வி எளிமையானது, எங்கே கிழங்கு நடுவது என்பதுதான். அதற்கு நேராகப் பதில் சொல்ல முயல்கிறேன். கமுலியில் நான் மூன்றாண்டுகள் கிராமம் கிராமமாகச் சென்று வேலை செய்தேன்.

புசோகாவின் முதன்மை உணவுகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு உயர்ந்த இடம் உண்டு. வெள்ளைச் சதை கொண்ட பழைய வகைகளையே மக்கள் பல தலைமுறைகளாக உண்டு வந்தார்கள். அவற்றில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். ஆரஞ்சுச் சதை கொண்ட கிழங்கில் அது நிறைந்திருக்கிறது. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைக்கு நாளொன்றுக்கு 125 கிராம் கொடுத்தாலே அன்றைய தேவை நிறைவேறும். 2004இல் எஜுமுலா, ககமேகா என்ற இரு வகைகளும், 2007இல் கபோதே, விடா என்ற இரு வகைகளும் உகாண்டாவில் வெளியிடப்பட்டன. 2007 முதல் 2009 வரை அக்கிழங்கைக் கிராமங்களில் பரப்பிப் பயனை அளந்து பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாவட்டங்களில் கமுலியும் ஒன்று. அதனால் உங்கள் பகுதியில் கொடி கிடைப்பது கடினமாக இராது. அவ்வகைகளை உருவாக்கிய அறிவியலாளர்களில் ஒருவரான உகாண்டாவின் ராபர்ட் முவாங்கா, 2016இல் வேறு மூவருடன் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெரியவர்களுக்கு மாவாக உதிரும் கிழங்கே பிடிக்கும். ஆரஞ்சுக் கிழங்கு பொதுவாகச் சற்று ஈரமானது, ஆகவே குழந்தைகள் விரும்புவார்கள், தாத்தாக்கள் முகம் சுளிப்பார்கள். வெள்ளை, ஆரஞ்சு இருவகையும் பக்கத்துப் பக்கத்தில் நடச் சொல்லுங்கள்.

எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். உகாண்டாவில் விவசாயிகளின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு நான்கு முதல் ஐந்து டன் என்று கொண்டால், ஓர் ஏக்கரில் ஒரு பருவத்துக்கு இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். ஒன்பது பேர் உள்ள வீட்டில் நாளுக்கு எட்டுக் கிலோ வேகவைத்தால் அது ஏழு எட்டு மாதம் வரும். ஆனால் கிழங்கு மட்டும் தின்று பிள்ளை வளர முடியாது. அவரைக்கு அரை ஏக்கரும், மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் சேர்த்து இன்னும் அரை ஏக்கரும் வேண்டும். எனவே வீடு, கல்லறை நீங்கலாக இரண்டு ஏக்கர் என்பது என் கணக்கு. அலுவலர் ஐயாவின் கணக்குப்படி வீட்டையும் சேர்த்து இரண்டு ஏக்கர்தான் மிஞ்சும். ஒன்றரை ஏக்கருக்கு மேல் கரும்புக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அரை ஏக்கர் சிறியது போலத் தோன்றலாம், ஏழு பிள்ளைகளுக்கு நடுவில் அது சிறியது அன்று.

இங்கே மழை இரண்டு பருவம். மார்ச்சு முதல் மே வரை ஒன்று, ஆகஸ்டு இறுதியிலிருந்து நவம்பர் வரை மற்றொன்று. இடையில் வரும் சனவரி, பிப்ரவரி வறட்சியில் கொடி காய்ந்துபோவதுதான் பெரிய இடர். மழை வந்ததும் நடுவதற்குக் கொடி இல்லாமல் ஒரு பருவம் வீணாகிவிடும். குளிக்கும் இடத்துத் தண்ணீர் ஓடும் பக்கத்திலோ, சதுப்பு நிலத்தின் ஓரத்திலோ ஒரு பாத்தி கொடியை எப்போதும் உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். பெண்கள் அன்றன்றைக்கு வேண்டிய கிழங்கை மட்டும் மேட்டில் கைவிட்டுத் தோண்டி எடுப்பார்கள், அது நல்ல வழக்கம். வறட்சியில் மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியே கூன்வண்டு இறங்கும். எடுத்தபின் மண்ணை அணைத்து மூடிவிட வேண்டும்.

மொழியியல் ஆய்வாளர்

எழுத்தர் ஐயா கைரேகை பற்றி எழுதியதை வாசித்தபோது என் துறைக்குரிய ஒன்றைச் சொல்லத் தோன்றியது. இவ்வளவு நல்ல செய்திகள் இருந்தும் அவை நபிர்யேயைச் சென்று சேராததற்கு மொழியும் ஒரு காரணம்.

லுசோகாவும், அண்டை நாடான புகாண்டாவின் மொழியான லுகாண்டாவும் நெருங்கிய உறவு கொண்ட பாண்டு குடும்பத்து மொழிகள். லுகாண்டாவில் ஜ ஒலிக்கும் பல இடங்களில் லுசோகாவில் பல்லைத் தொடும் த ஒலி வரும். வெளியுலகம் புஜகாலி என்று எழுதும் நீர்வீழ்ச்சியின் சொந்தப் பெயர் புதகாலி. 2012இல் நிறைவுற்ற அணையின் நீருக்கடியில் அந்த வீழ்ச்சி மூழ்கிவிட்டது, பெயரும் அயலார் ஒலிப்பிலேயே நிலைத்துவிட்டது. அவரையை லுகாண்டாவில் எபிஜஞ்ஜாலோ என்பார்கள், லுசோகாவில் எபிதந்தாலோ. இந்தத் த தமிழர் நாவுக்கு இயல்பாக வருவது, ஆசிரியை அம்மா எளிதில் கற்றிருப்பார்.

உறவு நெருக்கமானது என்பதே லுசோகாவுக்கு இடையூறாகவும் அமைந்தது. ஆங்கில ஆட்சி புகாண்டா நாட்டவரைக் கொண்டே புசோகாவை நிர்வகித்தது. 1906 முதல் 1913 வரை புசோகா மன்றத்தின் தலைவராக இருந்த செமெய் ககுங்குலுவும் அந்நாட்டவரே. தேவாலயத்திலும் பள்ளியிலும் பசோகா மக்கள் எழுத்துக் கற்றது லுகாண்டாவில். லுசோகாவுக்கு லுசோகாவிலேயே பொருள் கூறும் முதல் அகராதியை மினா நபிர்யே என்ற மொழியியலாளர் 2009இல்தான் வெளியிட்டார். தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளைத் தாய்மொழியில் நடத்தும் பாடத்திட்டம் 2007இல் வந்தது. ஆகவே இன்று நாற்பது வயதான ஒருவருக்குத் தம் மொழியை எழுத்தில் பார்க்கும் பழக்கமே இல்லாமல் இருக்கலாம், ஆனால் காதால் கேட்டால் எல்லாம் விளங்கும்.

அதனால்தான் வானொலிக்கு அங்கே அவ்வளவு செல்வாக்கு. ஜிஞ்ஜாவிலிருந்து ஒலிபரப்பாகும் ஒரு நிலையத்தின் பெயரே கொதேயோ, பசோகா மக்கள் ஒருவரையொருவர் வரவேற்கும் சொல் அது. விலை அறிவிப்பையும் சாவு அறிவிப்பையும் மருத்துவர் பேச்சையும் அவர்கள் நம்பிக் கேட்பது தங்கள் மொழி நிலையங்களில். குத்தகைக்கு முன் மனைவியின் இசைவு வேண்டும் என்ற ஒரு வாக்கியம் நடவுக் காலத்துக்கு முன் லுசோகாவில் திரும்பத் திரும்ப ஒலித்தால், அச்சிட்ட துண்டறிக்கைகள் செய்யாததை அது செய்யும் என்று நான் நம்புகிறேன். உங்கள் ஊரில் செய்யக்கூடியது அதைவிடச் சிறியது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தாலும், கையெழுத்துக்கு முன் அதை வரி வரியாக லுசோகாவில் உரக்கச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தரகரின் ஆள் அதைச் செய்யக் கூடாது.

நிலம் தொடர்பாகவே ஒன்றைக் குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன். புசோகா அரசகுலத்தின் முடிசூட்டு விழாவிலும் இறுதிச் சடங்கிலும் ஊதப்படும் பிக்வாலா என்னும் சுரைக்குடுக்கை ஊதுகுழல் இசை, 2012இல் உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்போது அக்கலையை முழுமையாக அறிந்த முதியவர்கள் நால்வரே எஞ்சியிருந்தனர். அதை மீட்க முயன்றவர்களுக்கு இளைஞரைப் பயிற்றுவிப்பதோடு சுரைக்கொடியை மீண்டும் பயிரிடும் வேலையும் சேர்ந்தே வந்தது. கொல்லையில் சுரை படரும் இடம் போனால் ஊதுவதற்கும் குழல் இல்லை.

கமுலி ஆசிரியை

மூன்று வாரங்களாக நான் எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இசபிர்யேயிடம்தான் பேசினேன். வணிகர் ஐயாவின் அறிவுரைப்படி மகனின் படிப்பிலிருந்து பேச்சைத் தொடங்கினேன். நான்கு ஆண்டுகளுக்கு மேல் நிலம் திரும்பாது என்பதை அவர் உண்மையிலேயே அறிந்திருக்கவில்லை, தரகர் இரண்டு ஆண்டு என்றே சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் எழுதித் தருமாறு கேட்டபோது அந்தத் தரகர் வரவில்லை. வேறொருவர் வந்தார். ஒன்றரை ஏக்கர், இரண்டு வெட்டு என்று முடிவாயிற்று. எல்சி ஒன்று தலைவர் வீட்டு மாமரத்தடியில், எங்கள் பள்ளியின் லுசோகா ஆசிரியர் ஒப்பந்தத்தை உரக்கச் சொன்னார். நபிர்யே இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். இரண்டாவது கேள்வி தண்ணீருக்குப் போகும் வழியைப் பற்றியது. அது தாளில் விடுபட்டிருந்தது, சேர்த்து எழுதினார்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. கிடைத்த பணம் மகனுக்கு இரண்டு பருவக் கட்டணத்துக்குத்தான் போதும், மூன்றாவதற்கு ஆட்டை விற்க வேண்டியிருக்கும். திருமணப் பதிவைப் பற்றிப் பேசியபோது இசபிர்யே சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நபிர்யே விடா வகைக் கொடியை இரண்டு கட்டு வாங்கி வந்து, குளிக்கும் இடத்தின் பின்னால் பாத்தி போட்டிருக்கிறார்.

அலுவலர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கரும்பு வரப்போகும் துண்டும் கிழங்குத் துண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெட்டும் காலத்தில் சிலர் தோகைக்குத் தீ வைக்கிறார்கள். கிழங்குக்கும் வீட்டுக்கும் ஆபத்து வராமல் எவ்வளவு இடைவெளி விடச் சொல்ல வேண்டும்?

கரும்பு அலுவலர், ஓய்வு

அம்மா, குறைந்தது பத்தடி அகலத்துக்கு வெறும் மண்ணாக ஒரு பாதை விடச் சொல்லுங்கள், வீட்டுப் பக்கம் அதைப்போல் இரு மடங்கு. புல் முளைக்க விடக் கூடாது. காய்ந்த புல்லே தீயைக் கடத்திவிடும். தோகையை எரிக்காமல் பச்சையாக வெட்ட வேண்டும் என்ற ஒரு வரியைக் குத்தகைக்காரர் ஒப்புக்கொண்டால் தாளின் அடியில் இப்போதே சேர்த்து, இருவரும் கையெழுத்திடட்டும். கரணை நடுவதற்கு முன்னால் கேட்டால் சம்மதிப்பார்கள், பயிர் முற்றிய பிறகு கேட்டால் சம்மதிக்க மாட்டார்கள். உதிர்ந்த தோகையைக் குத்தகைக்காரர் விட்டுச் சென்றால், நபிர்யே அம்மா அதை அள்ளி வந்து அவரைப் பாத்தியில் மூடாக்காகப் பரப்பிக்கொள்ளலாம்.